செம்பு சொன்ன கணக்கு

அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் நன்றாகப் புழங்கும் இரண்டு ரைஃபிள் தோட்டாக்கள் .308 வின்செஸ்டரும் .270 வின்செஸ்டரும். சுடும்போது தோட்டா அறைக்குள் எழும் அழுத்தம் இதற்கு மேல் போகக் கூடாது என்று இரண்டுக்கும் பழைய கையேடுகள் ஒரே எண்ணைக் கொடுத்தன: 52,000. புதிய கையேட்டைப் புரட்டினால் முதலாவதற்கு 62,000, இரண்டாவதற்கு 65,000. இடையில் எஃகு திடீரென்று வலுவாகிவிடவில்லை. தோட்டாவின் அளவு மயிரிழைகூட மாறவில்லை. சாட்சி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு செம்பு சாட்சி சொன்னது, இப்போது படிகம் சொல்கிறது.

எந்தச் சாட்சியை நம்புவது என்ற இந்தக் கேள்வி சிலருக்கு விரல் போகிற விஷயம், சமயத்தில் கண் போகிற விஷயம். சுட்டு முடித்த பித்தளை உறையைத் தூக்கிப் போடாமல் எடுத்துவைத்து, மருந்தைப் பற்றவைக்கும் பழைய கேப்பைத் தட்டி நீக்கிப் புதிய கேப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்தி உட்காரவைத்து, தோட்டாவை மறுபடி உயிர்ப்பிப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். காசு மிச்சம் என்று தொடங்கி, துல்லியம் என்ற பித்தில் முடிகிற பொழுதுபோக்கு அது. (நம் நாட்டில் உரிமம் இல்லாமல் இதைச் செய்வது குற்றம்.) அவர்கள் மருந்தை எடைபோடும் அலகு கிரெயின். ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. நம் ஊர்ப் பொற்கொல்லர் கணக்கில் சொன்னால் அரைக் குன்றிமணி. அவர்கள் மேசைமேல் இருக்கும் தராசும் பொற்கொல்லர் தராசுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். மருந்தின் எடை, குண்டின் எடை, உறையின் நீளம் எல்லாவற்றையும் அவர்கள் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு அளந்துவிடுகிறார்கள். அளக்க முடியாமல் மிஞ்சுவது ஒன்றுதான்: தோட்டா அறைக்குள் எழும் அழுத்தம்.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று முதலில் மனதில் படியவேண்டும். விசில் அடிக்கிற சமையல் குக்கருக்குள் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு. பெயர்பெற்ற .30-06 தோட்டாவுக்கு அமெரிக்க உற்பத்தியாளர் கழகமான சாமி வைத்திருக்கும் உச்சவரம்பு 60,000 பவுண்டு. பசிபிக் கடலின் மரியானா அகழியில், கடல்களிலேயே மிக ஆழமான இடத்தில், தண்ணீர் அழுத்தும் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அதைச் சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு பித்தளைக் குப்பிக்குள், முகவாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் வைத்துக்கொண்டு ஒருவர் நிதானமாக விசையை இழுக்கிறார்.

உச்சத்தை எட்ட ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அதற்குள் குண்டு சில சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். இங்கே ஒரு விஷச்சுழல் இருக்கிறது. புகையில்லா மருந்தை 1884இல் உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேல், பிறகு அதன் எரிவேகத்தையும் ஆராய்ந்தார். அழுத்தம் கூடக் கூட மருந்து எரிகிற வேகமும் கூடுகிறது. வேகமாக எரிந்தால் வாயு கூடுகிறது, வாயு கூடினால் அழுத்தம் கூடுகிறது, மறுபடி வேகம். குண்டு முன்னே ஓடி இடம் விட்டுக்கொடுப்பதால் மட்டுமே இந்தச் சுழல் அடங்குகிறது. அந்த ஓட்டம் கொஞ்சம் தாமதித்தாலும் கணக்கு கைமீறிவிடும். குண்டை உறையின் கழுத்து சற்று இறுக்கிப் பிடித்திருந்தாலும் தாமதம்தான். குண்டு குழலின் வரிப்பள்ளங்களை முட்டிக்கொண்டு நின்றாலும் தாமதம்தான். ராணுவ உறைகள் பெரும்பாலும் தடித்தவை, அதனால் உள்ளே இடம் குறைவு. அதே மருந்து அதே எடையில் அங்கே வேறு அழுத்தம் காட்டும்.

இந்த அழுத்தத்தை அளக்க முதன்முதலில் ஒழுங்காக முயன்றவர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707இல் பிறந்த கணித மேதை. வெடிமருந்தை எரித்தால் கிடைக்கும் வாயு, ஆறிய பிறகு மருந்தின் பருமனைப்போல் சுமார் 244 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று அவர் கண்டார். எரிகிற கணத்தில் அந்த வாயு பழுக்கக் காய்ச்சிய இரும்பின் சூட்டில் இருக்கும் என்று வைத்துக்கொண்டார். அந்தச் சூட்டில் காற்று எத்தனை மடங்கு விரிகிறது என்பதையும் சோதித்தார். நான்கு மடங்கு என்று வந்தது. ஆக, மூடிய இடத்தில் எரியும் மருந்தின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1,000 மடங்கு. 1742இல் அவர் எழுதிய பீரங்கிக் கலை நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஆய்லரே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து உரை எழுதினார் என்றால் அதன் எடை தெரியும்.

ராபின்ஸின் கதை முடிந்த இடம் நமக்குப் பக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் செப்பனிட அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750இல் வந்தார். கடலூருக்கு அருகே, தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் கலக்கும் இடத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையில் 1751 ஜூலையில் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 44. துப்பாக்கிக்குள் நடப்பதைக் கணக்கால் பார்த்த முதல் மனிதர்களில் ஒருவர் அந்தக் கடற்கரையில்தான் போய்ச் சேர்ந்தார் என்பது கடலூர்க்காரர்களுக்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்கு ஐயம்.

அடுத்து வந்தவர் ரம்ஃபோர்டு பிரபு. அமெரிக்காவில் பிறந்து, பவேரியாவில் பதவி வகித்த விசித்திர மனிதர். புகை கக்காத கணப்படுப்பை வடிவமைத்ததும் இவரே. 1790களில் மியூனிக்கில் ஒரு சிறிய எஃகுக் குப்பியில் மருந்தை அடைத்து, அதன் வாய்மேல் 8,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒரு பீரங்கியையே தூக்கி வைத்து, அடியிலிருந்து சூடேற்றினார். எவ்வளவு மருந்துக்கு அந்தப் பாரம் அசைகிறது என்று பார்ப்பதே நோக்கம். முறை அழகானது, கிடைத்த எண்தான் அபத்தம். அவருடைய கணக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் வளிமண்டலம் வரை போயிற்று. ராபின்ஸ் 1,000 என்றார், ரம்ஃபோர்டு 1,00,000 என்றார். நூறு மடங்கு வித்தியாசம்! இந்த நிலையில் எந்தப் பீரங்கி செய்பவனும் தன் கண்திட்டத்தைத்தான் நம்பியிருப்பான்.

சண்டையைத் தீர்த்தது ஒரு துண்டுச் செம்பு. அமெரிக்க ராணுவத்தின் ராட்மன், கத்திமுனை ஒன்று செம்புத் தகட்டில் எவ்வளவு ஆழம் பதிகிறது என்று பார்த்து அழுத்தத்தைக் கணித்தார். இங்கிலாந்தின் ஆண்ட்ரூ நோபிள் (பரிசுக்காரர் நோபல் வேறு) 1860களின் இறுதியில் அதைத் திருத்தி எளிதாக்கினார். குழலின் பக்கவாட்டில் தோட்டா அறைவரை ஒரு துளை. துளைக்குள் அச்சாக நகரும் ஒரு சிறிய உலக்கை. அதன் தலைமேல் ஒரு செம்பு உருளை. அதற்கு மேல் அசையாத ஒரு திருகு. சுட்டதும் வாயு உலக்கையைத் தள்ள, செம்பு நசுங்கும். திருகைக் கழற்றி, செம்பை எடுத்து, எவ்வளவு குட்டையாகிவிட்டது என்று நுண்ணளவியில் அளந்தால், அதற்கு நேரான அழுத்தத்தை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். நோபிளும் வேதியியலாளர் ஆபலும் சேர்ந்து மூடிய கலத்தில் மருந்தை எரித்து 1875இல் வெளியிட்ட எண் ஏறத்தாழ 6,400 வளிமண்டலம். ராபின்ஸ் ஆறு மடங்கு குறைத்துச் சொல்லியிருந்தார், ரம்ஃபோர்டு பதினைந்து மடங்கு கூட்டிச் சொல்லியிருந்தார்.

இதன்பின் நூறு ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் செம்பு சொன்னதுதான் வேதம். ஆனால் அந்த அட்டவணை எப்படி வந்தது என்று யோசித்தால் ஓட்டை தெரியும். செம்பு உருளையை எந்திரத்தில் வைத்து, தெரிந்த பாரத்தை மெதுவாக ஏற்றி, எவ்வளவு நசுங்குகிறது என்று எழுதிவைத்ததே அட்டவணை. துப்பாக்கிக்குள் அந்தப் பாரம் மெதுவாக ஏறுவதில்லை. சப்பாத்தி மாவை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் விரிகிறது. அதே பலத்தை ஒரு நொடித்துளி மட்டும் காட்டிவிட்டுக் கையை எடுத்தால் அவ்வளவாக விரியாது. செம்பும் அப்படித்தான். விரிவதற்கு அவகாசம் வேண்டும். உச்ச அழுத்தம் வந்துபோகும் நேரத்துக்குள் அது முழுதாக நசுங்கி முடிப்பதில்லை. ஆகவே குறைத்துச் சொல்கிறது.

எவ்வளவு குறைத்து என்பதற்கு ஒரே சீரான விடை இருந்திருந்தால் தொல்லையில்லை, ஒரு எண்ணால் பெருக்கிவிட்டுப் போகலாம். 1873ஆம் ஆண்டின் கறுப்பு மருந்துத் தோட்டாவான .45-70க்குச் செம்பும் 28,000 என்கிறது, படிகமும் 28,000 என்கிறது. .30-30க்குச் செம்பில் 38,000, படிகத்தில் 42,000. .30-06க்கு 50,000, 60,000. மேலே பார்த்த இரட்டையர்களுக்குச் செம்பு ஒரே எண்ணைச் சொல்ல, படிகம் 3,000 வித்தியாசம் காட்டுகிறது. அதனால்தான் செம்பு அளவை ‘பவுண்டு’ என்று எழுதாமல் ‘செம்பு அலகு’ என்று தனியாக எழுதத் தொடங்கினார்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் நம்பகமான சூத்திரம் கிடையாது. பழைய கையேட்டில் 50,000 என்று படித்ததும் ‘இன்னும் பத்தாயிரம் பாக்கி இருக்கிறதே’ என்று நினைத்தவர்கள் உண்டு. அந்தப் பாக்கி காகிதத்தில் மட்டுமே இருந்தது.

படிகத்தின் கதையிலும் நம் பக்கத்து வாசனை ஒன்று. பியர் கியூரியும் அண்ணன் ஜாக்கும் 1880இல் சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். அவற்றுள் ஒன்று டூர்மலின். அந்தப் பெயரே இலங்கையின் சிங்களச் சொல்லிலிருந்து போனது. டச்சு வணிகர்கள் அங்கிருந்து கொண்டுபோன கல், சூடேறினால் அடுப்புச் சாம்பலை இழுப்பதைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். இன்று அழுத்தமானிகளில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். செம்பு ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். படிகமோ அழுத்தம் ஏறி இறங்கும் முழு வளைகோட்டையும் வரைந்து காட்டுகிறது.

படிகத்தையும் எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பது முக்கியம். ஐரோப்பிய நாடுகளின் துப்பாக்கிச் சோதனை ஆணையமான சிஐபி பித்தளை உறையில் துளையிட்டு வாயுவை நேராகவே மானிக்கு விடுகிறது. அமெரிக்க முறையில் துளையில்லை. உறையின் சுவரை உப்பவைத்து அது தள்ளும் தள்ளலை அளக்கிறார்கள். நேட்டோ ராணுவங்கள் உறையின் வாய்ப்பக்கம் மானியை வைக்கின்றன. ஒரே தோட்டாவுக்கு மூன்று எண்கள் வரும், மூன்றும் சரி. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அளந்த முறையை விட்டுவிட்டால் மூன்றும் தப்பு.

சரி, அந்த எல்லை எதற்கான எல்லை? எஃகு வெடிக்கும் புள்ளியிலிருந்து கொஞ்சம் கீழே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நல்ல நவீன ரைஃபிளின் எஃகு அதைவிட வெகுவாகத் தாங்கும். சிஐபி உறுப்பு நாடுகளில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு ரைஃபிளும் உச்சவரம்பைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் சுட்டுச் சோதிக்கப்பட்ட பிறகே முத்திரை பெறுகிறது. பலவீனமான கண்ணி பித்தளைதான். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த அந்த மெல்லிய உறை, மருந்தைச் சுமக்கும் குப்பி மட்டுமல்ல. பின்பக்கம் வாயு கசியாமல் அடைக்கும் வாஷரும் அதுவே. அழுத்தத்தில் உப்பி, அறைச் சுவரோடு ஒட்டி அடைத்து, அழுத்தம் போனதும் சற்றுச் சுருங்கி விடுபட வேண்டும். .30-06இல் உறையின் அடிப்பாகம், அறையைப் பின்புறம் அடைக்கும் போல்ட்டைப் பின்னால் தள்ளும் விசை மூன்று டன்னைத் தாண்டும். அந்த அடிப்பாகம் பிளந்தால், எந்த இடத்துக்கு வரவே கூடாதோ அந்த இடத்துக்கு வாயு வந்துவிடுகிறது.

வந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க ராணுவம் முதல் உலகப்போரின்போது கற்றுக்கொண்டது. 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்களில் சில, உறை பிளந்ததும் கண்ணாடிபோல் சிதறின. அவை அத்தனையும் 70,000 பவுண்டுச் சோதனையில் தேறியவை. ஆராய்ந்துபார்த்ததில், குற்றம் கொல்லுலையில் இருந்தது. எஃகு போதிய சூடேறிவிட்டதா என்பதை அனுபவசாலிகள் அதன் நிறத்தைப் பார்த்துக் கண்திட்டமாகவே சொல்லிவந்தார்கள். மேகமூட்டமான நாளில் பளிச்சென்று தெரியும் செந்நிறம், வெயில் நாளில் மங்கலாகத் தெரியும். ‘இன்னும் பதம் வரவில்லை’ என்று மேலும் சூடேற்றியிருக்கிறார்கள். வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாக இருந்தது. அப்படி எரிந்துபோன எஃகு, பாரத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 8,00,000க்குக் கீழ்ப்பட்ட வரிசை எண்கள் உள்ள ரைஃபிள்களைச் சுட வேண்டாம் என்று இன்றும் சேகரிப்பாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். முப்பது ஆண்டு கைப்பக்குவம் ஒரு வெயில் நாளில் ஏமாந்துபோனதை நினைத்தால் எனக்கு அந்தக் கொல்லர்கள்மேல் கோபம் வருவதில்லை. அவர்களிடம் வேறு சாட்சி இல்லை.

1921இல் ஒஹையோவின் கேம்ப் பெர்ரி தேசியப் போட்டிகளில் இன்னொரு பாடம். குண்டின் உலோகம் குழலுக்குள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க, ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதச்சாலை குண்டுகளுக்கு வெள்ளீயம் பூசித் தந்தது. நல்ல யோசனைதான். ஆனால் வெள்ளீயமும் பித்தளையும் நாள்பட நாள்படப் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டன. போட்டியாளர்களுக்கோ குண்டைக் கிரீஸில் தோய்த்துச் சுடும் பழைய பழக்கம். வேண்டாம் என்று எச்சரித்தும் சிலர் விடவில்லை. கழுத்தைச் சுற்றி நிறைந்த கிரீஸ், கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமில்லாமல் செய்தது. ரைஃபிள்கள் உடைந்தன. மருந்தை யாரும் ஒரு கிரெயின்கூடக் கூட்டவில்லை.

வெயிலும் மருந்துதான். நைட்ரோகிளிசரின் 58, வெடிபஞ்சு 37, வாசலின் 5 என்ற விகிதத்தில் ஆபலும் டியூவரும் 1889இல் உருவாக்கிய கார்டைட், லண்டன் குளிரில் சாதுவாக இருந்துவிட்டு வெப்பநாட்டில் சீறும். நீலகிரியின் அருவங்காட்டில் இருப்பது அந்தப் பெயரைத் தாங்கிய தொழிற்சாலையே. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வேட்டைக்குப் போனவர்களுக்கு மருந்தைக் குறைத்து ‘வெப்பமண்டலத் தோட்டா’ என்று தனியாகவே விற்றார்கள். உறை அறைக்குள் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தால், எதிரில் நிற்கும் புலி காத்திருக்காது. 1911இல் வந்த .416 ரிக்பி தோட்டாவின் உறை அத்தனை பெரிதாக இருப்பதன் நியாயம் இதுதான்: நிறைய இடம், 47,000 பவுண்டு அளவில் நிற்கும் அழுத்தம். வலு வேண்டுமென்று அழுத்தத்தைக் கூட்டாமல் அறையைப் பெரிதாக்கிய அந்தப் புத்தி எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது தோட்டாவை மறுபடி நிரப்புபவரின் மேசைக்குத் திரும்புவோம். அவரிடம் உலக்கையும் செம்பும் இல்லை, படிகமும் இல்லை. சிலர் குழலின்மேல் ஒரு சிறு திரிபுமானியை ஒட்டிப் பார்க்கிறார்கள். சுடுதலுக்குச் சுடுதல் ஒப்பிட அது உதவும். மற்றவர்கள் சுட்ட உறையைக் கையில் எடுத்து, அடிப்பாகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார்கள். கேப்பின் வட்ட விளிம்பு தட்டையாகி ஓரத்தை நிரப்பியிருக்கிறதா? ஊசி குத்திய குழியைச் சுற்றி வரப்பு எழும்பியிருக்கிறதா? பித்தளையில் பளபளவென்று ஒரு தேய்ந்த பிறை தெரிகிறதா? போல்ட்டைத் தூக்கும்போது கை சற்று அதிகம் உழைத்ததா? புதுக் கேப்பைச் செருகினால் தளர்வாக விழுகிறதா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே எடுபடாது. எல்லை என்று கையேடு சொல்வதே பல சுடுதல்களின் சராசரிக்கான எல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே விழுவது இயல்பு. மென்மையான கேப் குறைந்த அழுத்தத்திலேயே தட்டையாகும், கடினமான கேப் கடைசிவரை வட்டம் மாறாமல் இருக்கும். பித்தளையின் பிறைத் தழும்போ எல்லையைக் கடந்த பிறகே வருகிற செய்தி. அதைப் பார்த்துவிட்டு ‘இதோ எல்லை’ என்று அரைக் கிரெயின் குறைப்பவர், பள்ளத்தில் விழுந்த பிறகு வேலியை நடுகிறார். குறைத்துக்கொண்டே போனால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். மெதுவாக எரியும் மருந்தை மிகக் குறைவாகப் போட்டும் துப்பாக்கிகள் வெடித்திருக்கின்றன. ஏன் என்பதில் வல்லுநர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கையேட்டில் தொடக்க அளவு என்று ஒன்று அச்சாகியிருப்பது அதனால்தான்.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த .45-70. அதே தோட்டாவுக்குக் கையேடுகளில் மூன்று தனித்தனிப் பகுதிகள் இருக்கும். 1873ஆம் ஆண்டின் மூடித்திறப்பு ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒன்று, நெம்புகோல் ரைஃபிளுக்கு ஒன்று, இன்றைய வலுவான ஒற்றைக்குண்டு ரைஃபிளுக்கு ஒன்று. தோட்டாவை மேசையில் நிறுத்தினால் எந்தப் பகுதியைப் பார்த்து நிரப்பியது என்று கண்டுபிடிக்க முடியாது. மூன்றும் மூன்று துப்பாக்கிகளிலும் பொருந்தும். பித்தளை வாய் திறப்பது பெரும்பாலும் 60,000க்கு மேல். தாத்தாவின் பழைய ஸ்பிரிங்ஃபீல்டுக்கு எல்லை 28,000. தவறான பக்கத்தைப் பார்த்து நிரப்பிய தோட்டாவை அதில் போட்டுச் சுட்டால், கேப்பின் விளிம்பு வட்டம் மாறாமல், அடியில் ஒரு கீறலும் இல்லாமல், உறை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். சுட்டவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், குறை ஒன்றும் தெரியாது, அடுத்ததை எடுத்துச் செருகுவார்.